கருப்பூர் குரோமைட் சுரங்கம்: முடிந்த கணக்கும் முடியாத கணக்கும்



நம் காலாண்டு இதழின் வரலாற்றுப் பக்கத்தில் பெரும்பாலும் கோயில், குளம், தறி பற்றித்தான் எழுதி வருகிறோம். இந்த முறை சேலம் பக்கம் இருந்த ஒரு பழைய சுரங்கத்தைப் பற்றி எழுதுகிறேன். சின்ன காஞ்சிபுரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். அந்தச் சுரங்கத்தில் வெட்டியது குரோமியம் தரும் கல். குரோமியம் நம் சமையலறையில் எவர்சில்வர் பாத்திரத்தில் இருக்கிறது. செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ரயிலில் போகும்போது தாம்பரம் தாண்டியதும் ஓர் ஊரின் பெயரிலேயே வருகிறது. நமக்கு மேற்கே ராணிப்பேட்டையில், பாலாற்றுக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில், கழிவு மேடாகவும் கிடக்கிறது. நமக்குக் கவலை தருவது இந்தக் கடைசி விஷயம். ஆனால் அதைப் புரிந்துகொள்ள, கல்லில் இருந்து தொடங்குவதுதான் சரி.

சேலத்தின் வெள்ளைக் குன்றுகள்

வங்கி வேலையில் சில ஆண்டுகள் சேலத்தில் இருந்தேன். சேலத்தில் இருந்து ஓமலூர் சாலையில் போனால், வலப்பக்கம் சேர்வராயன் மலை உயர்ந்து நிற்கும். அதன் அடிவாரத்தில் செடி கொடி அதிகம் இல்லாத குட்டையான குன்றுகள் தெரியும். தோண்டிய இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஆங்கிலேயர் இவற்றுக்குச் சுண்ணாம்புக் குன்றுகள் என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். ஆனால் அது சுண்ணாம்பு இல்லை. மேக்னசைட் என்ற தாது. நம் மக்கள் வெள்ளைக்கல் என்பார்கள். அங்கே வெள்ளக்கல்பட்டி என்று ஊரும் உண்டு, மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையமும் உண்டு. பெரியார் பல்கலைக்கழகமும் அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கும் கருப்பூர் இந்தக் குன்றுகளை ஒட்டிய ஊர்தான். பிள்ளைகளைச் சேலத்தில் படிக்க வைத்தவர்கள் அந்த வழியாகப் போயிருப்பீர்கள்.

நான் வணிகவியல் படித்தவன். பாறை விஷயத்தில் எனக்கு விளங்கியதை எளிமையாகச் சொல்கிறேன். பூமியின் மேலோட்டுக்குக் கீழே மிக ஆழத்தில் இருக்கும் பாறைகளில் மெக்னீசியமும் இரும்பும் அதிகம். அவற்றில் ஒரு வகை டியூனைட். பச்சையும் பழுப்பும் கலந்த நிறம். பெரும்பகுதி ஒலிவின் என்ற ஒரே கனிமத்தால் ஆனது. எப்போதோ நடந்த பெரும் நில அசைவுகளில் இப்படிப்பட்ட பாறை மேலே வந்து சேலத்தருகே வெளிப்பட்டிருக்கிறது. கரியமில வாயு கலந்த நீர் அதன் விரிசல்களில் புகுந்து, நெடுங்காலம் வேலை செய்து, ஒலிவினில் உள்ள மெக்னீசியத்தை மேக்னசைட்டாக மாற்றியது. அதனால்தான் பாறை முழுவதும் வெள்ளை நரம்பு ஓடியதுபோல் இருக்கிறது.

அந்த வெள்ளைக்கு நடுவே அங்கங்கே கருப்பாக, பளுவாக இன்னொரு கல் கிடைக்கும். அதுதான் குரோமைட். இரும்பும் குரோமியமும் ஆக்சிஜனோடு சேர்ந்த தாது. பாறைக் குழம்பு ஆறும்போது முதலில் உருவாகும் கனிமங்களில் இதுவும் ஒன்று என்பதால், டியூனைட்டுக்குள் மெல்லிய பட்டைகளாகவும் சிறு திரள்களாகவும் சேர்ந்துவிடுகிறது. கையில் எடுத்தால் சாதாரணக் கல்லைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனக்கும். தண்ணீரில் கரையாது. மழையில் நனைந்தாலும் வெயிலில் காய்ந்தாலும் எளிதில் மாறாது. கட்டுரையின் பிற்பகுதிக்கு இந்த ஒரு செய்தி மிகவும் தேவை. கல்லுக்குள் இருக்கும் குரோமியம் பெரும்பாலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அப்படியே இருக்கும்.

டியூனைட் என்ற பெயர் நியூசிலாந்தில் நெல்சன் நகருக்கு அருகே உள்ள டன் மலையில் இருந்து வந்தது. அங்கேயும் செடி அதிகம் வளராத குன்று, அங்கேயும் குரோமைட். 1862இல் அந்தத் தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரக் குதிரை இழுக்கும் ரயில் பாதையே போட்டார்கள். நியூசிலாந்தின் முதல் ரயில் பாதை அதுதான். ஆனால் நான்கே ஆண்டில் சுரங்க வேலை நின்றது. ஒரு காரணம் அமெரிக்க உள்நாட்டுப் போர். பருத்தி வராததால் இங்கிலாந்தின் துணி ஆலைகள் முடங்கின. துணி இல்லையென்றால் சாயம் வேண்டாம், சாயம் வேண்டாமென்றால் குரோமைட்டும் வேண்டாம். நெசவு ஊரில் இருக்கும் நமக்கு இந்தச் சங்கிலி எளிதில் புரியும்.

கருப்புக் கல்லில் மஞ்சள் நிறம்

குரோமியம் என்று தனி உலோகம் இருப்பதையே 1797-98இல்தான் கண்டுபிடித்தார்கள். பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் வோக்லான், சைபீரியாவில் இருந்து வந்த சிவப்பு ஈயத் தாதுவை ஆராய்ந்தபோது அது தெரிந்தது. அதன் சேர்மங்கள் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று பல நிறம் காட்டியதால், நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து பெயர் வைத்தார்கள். அப்போது அதன் பயன் முழுக்க நிறத்தில்தான். குரோம் மஞ்சள் பூச்சு, துணி அச்சடிக்கும் சாயங்கள் என்று 1820களில் இருந்து தேவை ஏறியது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஐசக் டைசன் என்ற வியாபாரி அருகிலுள்ள குன்றுகளில் கிடைத்த குரோமைட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய உலகச் சந்தையையே நடத்திவந்தார். 1848இல் துருக்கியில் பெரிய படிவுகள் தெரியவந்த பிறகுதான் அந்த ஆதிக்கம் குறைந்தது.

இந்தப் பின்னணியில்தான் கருப்பூர் வருகிறது.

ஹீத் துரையின் கணக்கு

ஜோசையா மார்ஷல் ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணப் பணியில் இருந்தவர். சேலம் பகுதியில் கம்பெனியின் வணிக ரெசிடென்ட். வணிக ரெசிடென்ட் என்றால் முக்கியமாக நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்து, கம்பெனிக்குத் துணி வாங்கி அனுப்பும் அதிகாரி. நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் முன்பணக் கதைகளின் ஒரு பழைய நுனி அது. துணி வாங்கப் போனவர் சேலத்து இரும்பைப் பார்த்தார். கஞ்சமலை முதலிய இடங்களில் கிடைக்கும் காந்த இரும்புத் தாதுவைச் சிறு உலைகளில் உருக்கி நம் ஆட்கள் நல்ல இரும்பு எடுத்து வந்தார்கள். அதைப் பெரிய அளவில் செய்தால் இங்கிலாந்துக்கே விற்கலாம் என்று ஹீத் நினைத்தார். 1825இல் அதற்குக் கம்பெனியிடம் அனுமதி கேட்டார். பிறகு வேலையை விட்டுவிட்டு, 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். 1833இல் அது ஒரு கம்பெனியாக உருவெடுத்தது.

அந்த ஆலையின் வேலையோடு சேர்ந்ததுதான் கருப்பூர் குரோமைட். இரும்புத் தாதுவைத் தேடிச் சேலத்தில் இறங்கிய ஹீத், சுண்ணாம்புக் குன்றுகளில் கருப்பூர் பக்கம் குரோமைட்டை வெட்டி இங்கிலாந்துக்குக் கப்பலில் அனுப்பினார். இந்தியாவில் குரோமைட்டுக்காகவே தோண்டிய மிகப் பழைய இடங்களில் ஒன்று என்று இதைத் தைரியமாகச் சொல்லலாம். அங்கே சாயத் தொழிலுக்குத் தேவை இருந்தது; பால்டிமோர் சரக்குக்கு மாற்று கிடைத்தால் வாங்க ஆள் இருந்தது.

ஆனால் அந்த வேலை நீடிக்கவில்லை. சில காலத்தில் நின்றுபோனது. இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் திருச்சி, சேலம் பகுதிகளின் பாறைகளைப் பற்றி 1864இல் எழுதிய காலத்தில் அது பழைய சுரங்கம். பின்னர் 1896இல் மிடில்மிஸ் என்ற நிலவியலாளர் இந்தக் குன்றுகளின் பாறைகளையும் தாதுக்களையும் விரிவாக எழுதினார். அதன் பிறகு அங்கே வளர்ந்த தொழில் வெள்ளைக்கல்லைச் சார்ந்தது. எஃகு உலைகளின் உட்புறத்தில் பூசும் வெப்பம் தாங்கும் செங்கல்லுக்கு மேக்னசைட் தேவை. 20ஆம் நூற்றாண்டில் சேலத்துக்கு அந்தத் தொழில் பெயர் வாங்கித் தந்தது. குரோமைட் பின்னால் போய்விட்டது.

குரோமைட் வேலை ஏன் நின்றது என்பதை ஒரு வங்கி ஊழியனின் கண்ணால் பார்த்தால் பெரிய மர்மம் இல்லை. பட்டைகள் மெல்லியவை, தொடர்ச்சியாக ஓடாதவை. ஒரு வண்டித் தாதுவுக்குப் பல வண்டிப் பாறையை உடைக்க வேண்டும். தென்னிந்தியாவில் முதல் ரயிலே 1856இல்தான் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அதற்கு முன் சேலத்தில் இருந்து கடற்கரைக்குப் பளுவான கல்லைக் கொண்டுபோகும் கூலி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதற்கு மேல் கப்பல் கூலி. எதிரே பால்டிமோர், பிறகு துருக்கி. விலையை நிர்ணயிப்பவர் வேறு யாரோ, செலவு மட்டும் நம்முடையது என்றால் எந்தக் கணக்கும் தேறாது.

இரும்பு ஆலையின் கதியும் அதுவே. அரசாங்கம் ஹீத்துக்குத் திரும்பத் திரும்பக் கடன் கொடுத்தது. பழைய கடன் வசூலாகப் புதுக் கடன் கொடுப்பது எங்கள் தொழிலில் நன்றாகப் பழகிய விஷயம்தான். உலைக்கு வேண்டிய கரிக்காகச் சுற்றுவட்டாரக் காட்டு மரங்கள் போயின. ஹீத் இங்கிலாந்து திரும்பினார். 1839இல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு நகரத்து எஃகு முதலாளிகள் அந்த முறையால் லாபம் பார்த்தார்கள். ஹீத்துக்கு நீண்ட வழக்குகள்தான் மிஞ்சின. 1851இல் அவர் இறந்தார். அவர் தொடங்கிய தொழில் கைமாறிக் கைமாறி 1870களில் முற்றிலும் நின்றது.

கருப்பூர் சுரங்கத்தில் போட்டவர்கள் பணத்தை இழந்தார்கள்.  எடுத்த கல்லைக் கல்லாகவே அனுப்பினார்கள். எடுக்காத கல் கல்லாகவே கிடக்கிறது. அந்தக் கணக்கு அங்கேயே முடிந்தது.

கல்லை வறுத்தால் என்ன ஆகும்

ஏற்றுமதியான கல் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் என்ன ஆனது என்பதில் இருந்துதான் அடுத்த கதை தொடங்குகிறது.

குரோமைட்டைப் பொடி செய்து, சோடா உப்பும் சுண்ணாம்பும் கலந்து, காற்றோட்டமான சூளையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் வறுப்பார்கள். கரையாத கருப்புக் கல், கரையும் மஞ்சள் உப்பாக மாறிவிடும். அதுதான் குரோமேட். தண்ணீர் விட்டு அதைக் கரைத்து எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையைக் கொட்டிவிடுவார்கள். அந்தச் சக்கையிலும் கொஞ்சம் மஞ்சள் உப்பு தங்கிவிடும். மழை பெய்யப் பெய்ய அது மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும்.

குரோமியத்தில் இரண்டு வடிவங்களை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று இணைதிறன் கொண்டது ஒன்று. கல்லில் இருப்பதும், தோல் பதனிடும் உப்பில் இருப்பதும் இது. இதன் கடுமை குறைவு, தண்ணீரில் எளிதில் பரவாது. ஆறு இணைதிறன் கொண்டது மற்றொன்று. வறுத்த மஞ்சள் உப்பு இதுதான். இது நீரோடு ஓடும், தோலைப் புண்ணாக்கும், மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ அருகே வைட் குடும்பத்தின் குரோமேட் ஆலை 1830 முதல் நூறாண்டுக்கும் மேல் நடந்தது. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுந்தது. 1899இல் தொழிலாளர் தலைவர் கீர் ஹார்டி இதைப் பற்றித் துண்டுப் பிரசுரம் எழுதிப் பெரிய பரபரப்பு ஆனது. ஆலை மூடிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. கழிவு மட்டும் மண்ணுக்குள் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில்கூட அங்குள்ள ஓர் ஓடையில் தண்ணீர் பச்சையும் மஞ்சளுமாக ஓடிப் பத்திரிகைகளில் படம் வந்தது.

கவலையில் தொடங்கிக் குரோம்பேட்டை வரை

நம் பக்கம் குரோமியம் பெரிய அளவில் வந்தது தோலுக்காக. அதற்கு முன் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். வாரக்கணக்கில் ஊறவேண்டும். குரோமிய உப்பில் போட்டால் அந்த வேலை ஓரிரு நாளில் முடியும், தோலும் தண்ணீருக்கும் வெப்பத்துக்கும் நன்றாகத் தாங்கும். 1884இல் அமெரிக்காவில் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். சென்னை கலைத்தொழில் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் இதைச் சோதித்துப் பார்த்தார். அவர் முதலில் செய்ய நினைத்த பொருள்களில் ஒன்று செருப்போ பெட்டியோ அல்ல, கவலை இறைக்கும் தோல்பை. கிணற்றில் எப்போதும் நனைந்து கிடக்கும் பை சீக்கிரம் அழுகாமல் இருந்தால் விவசாயிக்கு லாபம் என்பது அவர் எண்ணம். விவசாயியின் கிணற்றுக்கு உதவ வந்த பொருள் பின்னாளில் விவசாயியின் கிணறுகளையே கெடுத்தது.

சேம்பர்ஸ் குடும்பத்தார் பல்லாவரம் பக்கம் நடத்திய குரோம் தோல் தொழிற்சாலையால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது. இன்னொரு பொருத்தமும் உண்டு. பக்கத்திலுள்ள பல்லாவரத்தில்தான் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கருவியைக் கண்டெடுத்து இந்திய வரலாற்றை வெகுதூரம் பின்னால் கொண்டுபோனார். சேலத்துச் சுண்ணாம்புக் குன்றுகளைப் பற்றி எழுதிய அதே ஃபூட்தான் இவர்.

1970களில் பச்சைத் தோலாகவும் பாதி பதனிட்ட தோலாகவும் ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலை ஊக்குவித்தது. அந்நியச் செலாவணிக்கு அது நல்ல முடிவு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பாலாற்றின் கரையோரம் குரோம் பதனிடல் வேகமாக வளர்ந்தது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் அது, இன்றும் போடுகிறது. அதை நாம் மறக்கக்கூடாது. ஆனால் தொட்டியில் போடும் குரோமிய உப்பு முழுவதையும் தோல் உறிஞ்சுவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கழிவுநீரோடு வெளியே போகும்.

அந்த உப்பை உள்ளூரிலேயே தயாரிக்க, அரசின் பங்கோடு 1970களில் ராணிப்பேட்டையில் தொடங்கியதுதான் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் நிறுவனம். கிளாஸ்கோவில் செய்த அதே வேலை: கல்லை வறுப்பது, மஞ்சள் உப்பை எடுப்பது, சக்கையைக் கொட்டுவது. இதற்குக் கருப்பூர் கல் வரவில்லை. இந்தியாவின் குரோமைட் இருப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ஒடிசாவில், பெரும்பாலும் சுகிந்தா பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1990களின் நடுவில் ஆலை மூடியது. 2 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு அங்கேயே நின்றுவிட்டது. சுற்றியுள்ள நிலத்தடி நீரில் ஆறு இணைதிறன் குரோமியம் கலந்திருப்பதை ஐதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் உட்படப் பலர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். 2006இல் ஓர் அமெரிக்க அமைப்பு உலகிலேயே மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்களைப் பட்டியல் போட்டபோது ராணிப்பேட்டை அதில் இருந்தது. கழிவை அகற்றுவது பற்றி அன்றிலிருந்து திட்டமும் அறிக்கையும் வந்துகொண்டே இருக்கின்றன.

எங்கள் கிளையில் ஒரு கடன்காரர் தொழிலை மூடினால், முதலில் கேட்பது கொடுக்க வேண்டிய பாக்கிகளின் பட்டியல்தான். சொத்தை யார் எடுப்பது என்பது அதற்குப் பிறகு. ராணிப்பேட்டையில் ஆலையை மூடியபோது இந்தப் பாக்கி யார் பேரிலும் சரியாக ஏறவில்லை. அது மண்ணின் பேரில் நிற்கிறது.

ஒரு நல அமைப்பு வாங்கிய தீர்ப்பு

நம்மைப் போன்ற சங்கங்களுக்கு இந்தக் கதையில் தெம்பு தரும் பகுதியும் உண்டு. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றில் கலக்கிறது, குடிநீர் கெடுகிறது என்பது வழக்கு. 28 ஆகஸ்ட் 1996 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. தொழிற்சாலைகள் இருக்கும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், தீங்கு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று நீதிமன்றம் அறிவித்தது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இன்று நாடு முழுவதும் சுற்றுச்சூழல் வழக்குகளில் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள்.

அதன் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, குரோமியத்தை மீட்டெடுக்கும் முறைகளும் வந்தன. முன்னேற்றம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஜனவரி 2015இல் ராணிப்பேட்டை சிட்கோ பகுதியில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். 30 ஜனவரி 2025 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு விரிவான தீர்ப்பு தந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும், அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும், பாலாற்றைச் சீரமைக்க வேண்டும், வேலை நடக்கிறதா என்று தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள் ஓடிவிட்டன.

நம் பங்கு

சேலத்துக்குக் குரோமியம் வேறு வடிவில் திரும்பி வந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகைச் செய்தார். ஹீத் வழக்காடிய அதே ஷெஃபீல்டு. 1980களின் தொடக்கத்தில் இருந்து சேலம் உருக்காலை அந்த வகை எஃகுத் தகடுகளைத் தயாரிக்கிறது. நல்ல தரமான எவர்சில்வரில் 100 கிராமுக்கு 18 கிராம் வரை குரோமியம் உண்டு. உலோகமாகக் கட்டுண்டு இருப்பதால் அந்தக் குடத்தில் தண்ணீர் வைத்துக் குடிக்க நமக்கு ஒரு பயமும் இல்லை. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலும் குரோமைட் பட்டைகள் உண்டு; அவை சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான பாறையில் இருக்கின்றன. நிலாவின் மண்ணைப் போல இருப்பதால் அந்தப் பகுதிப் பாறையைப் பொடித்துத்தான் சந்திரயான்-2க்கான சோதனைகளுக்கு இஸ்ரோ பயன்படுத்தியது.

குடம் பாதுகாப்பானதுதான், குடத்துக்குள் வரும் தண்ணீரைப் பற்றித்தான் நாம் கேட்க வேண்டும். காஞ்சிபுரத்துக்குக் குடிநீர் பெரும்பாலும் பாலாற்று மணலில் இருந்து வருகிறது. ஒரிக்கை நமக்குத் தெற்கே கூப்பிடு தூரம். திருப்பாற்கடல் காவேரிப்பாக்கம் பக்கம், அதாவது ராணிப்பேட்டைக்குக் கீழ்ப்புறம். நம் குழாய்த் தண்ணீரில் குரோமியம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. யாரும் பயந்து தண்ணீரைக் கொட்ட வேண்டாம். இருக்கிறதா இல்லையா என்று எழுத்தில் தெரிந்துகொள்வது நம் உரிமை என்றுதான் சொல்கிறேன்.

சிலர் வீட்டில் டிடிஎஸ் கருவி வைத்துப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். அந்தக் கருவி மொத்த உப்பின் அளவை மட்டும் காட்டும். குரோமியத்துக்குத் தனிச் சோதனை வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதிப்படி ஒரு லிட்டரில் மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. இவ்வளவு சிறிய அளவு கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியாது.

ஆகவே அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வைக்கச் செயலாளரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாநகராட்சிக்கு நாம் எழுத வேண்டியவை இவை:

1. நம் வார்டுகளுக்கு வரும் தண்ணீர் எந்த எந்த நீரேற்று நிலையங்களில் இருந்து வருகிறது?

2. அந்தத் தண்ணீரில் குரோமியத்துக்குச் சோதனை நடக்கிறதா? நடந்தால், கடந்த மூன்று ஆண்டுகளின் அறிக்கைகளின் நகல் வேண்டும்.

3. நடக்கவில்லையென்றால், கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் செய்து, முடிவை வார்டு அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம். மனு எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். சொந்த ஆழ்குழாய்க் கிணறு உள்ள உறுப்பினர்கள் விரும்பினால், பெயரையும் கதவு எண்ணையும் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். பத்து வீடுகள் சேர்ந்தால் மாதிரிகளை ஒன்றாகச் சேர்த்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம்; தலைக்குச் செலவும் குறையும். கட்டண விவரத்தை விசாரித்து அடுத்த இதழில் எழுதுகிறேன்.